மூப்பு மடு

வேலங்குளத்தில் நீர்ப்பறவைகள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. குளத்தின் வடக்கு மூலையில், மருத மரத்தடியில், ஆழமான மடு ஒன்று இருந்தது. கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாது. பறவைகள் அதை மூப்பு மடு என்று அழைத்தன.

அவற்றிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பிடிக்கும் முதல் மீனை யாரும் விழுங்கக் கூடாது. உயிரோடு கொண்டுபோய் மடுவில் விட வேண்டும். அதற்குப் பிறகு பிடிப்பதெல்லாம் அவரவருக்கு. வயதாகி, முங்க முடியாமல் போன பறவைகள் மாலையில் மடுவுக்கு வந்து சாப்பிடும். இளசாக இருந்தபோது முதல் மீனைப் போட்டவர்கள்தானே அவர்கள்! அதனால் அங்கே வந்து நிற்க யாரும் கூச்சப்பட்டதே இல்லை.

பொதியன் என்ற கூழைக்கடாவும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தான். ஒரு காலத்தில் அவன் வாயைத் திறந்தால் பாதிக் குளம் உள்ளே போய்விடும் என்று கேலி செய்வார்கள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், மீன் தெரியாது. மடுவுக்குள் அலகை விட்டுத் துழாவி, அகப்பட்டதைத் தின்பான். அந்த மடுவை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. குளம் சுருங்கிச் சேறானது. நாள் முழுக்க முங்கினாலும் ஒரு மீன் கிடைப்பதே பெரும்பாடு. அந்த ஒன்றும் மடுவுக்குப் போய்விட்டால் கூட்டுக்கு என்ன மிஞ்சும்?

நீர்க்காகங்களின் தலைவன் கருவாலன் எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்தான். அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கூட்டில் அவன் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. பெற்றவன் எத்தனை நாள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்?

"நாங்க பொழுதன்னிக்கும் சேத்துல புரளுறோம். இங்க மடுவுல மீன் துள்ளி விளையாடுது! உழைக்கிறவன் வயிறு காயணும், உக்காந்திருக்கிறவங்க வயிறு நிறையணுமா?" என்று கேட்டான்.

இளம் பறவைகள் "ஆமா! ஆமா!" என்று சிறகடித்தன.

நெடுங்கழுத்தி என்ற வயதான பாம்புத்தாரா முன்னால் வந்தாள். "உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா, கருவாலா? மழை வர்ற வரைக்கும் யாரும் முதல் மீன் போட வேண்டாம். நாங்க ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக்கிறோம். உங்க குஞ்சுகளுக்கும் இதிலிருந்தே எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு, சினை மீனை மட்டும் தொடாதீங்க!" என்றாள்.

"சரி பெரியம்மா, தொட மாட்டோம்!" என்றான் கருவாலன். எல்லோருக்கும் மனது லேசானது.

கொஞ்ச நாள் அந்தப் பேச்சைக் காப்பாற்றினார்கள். பிறகு ஒருநாள் கருவாலன் அக்கம் பக்கம் பார்த்தான். பெரிய சினை மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டான்.

"மழை வந்ததும் ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட்டா போச்சு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டீர்களா சமாதானத்தை!

அதை இன்னொருவன் பார்த்துவிட்டான். "தலைவரே எடுக்கிறாரு, நமக்கென்ன வந்துச்சு?" என்று அவனும் எடுத்தான். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு போடலாம் என்றுதான் ஒவ்வொருவனும் சொன்னான்.

மாலையில் பொதியன் வந்தான். அலகை விட்டுத் துழாவினான். தண்ணீர்தான் வந்தது. மறுநாளும் தண்ணீர்தான்.

"என் கண்ணு சுத்தமா போயிடுச்சு, தங்கச்சி. மீன் இங்கதான் இருக்கும். எனக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்று நெடுங்கழுத்தியிடம் சொன்னான்.

அவள் உண்மையைச் சொல்லவில்லை. தான் பிடித்து வைத்திருந்த தவளையை அவன் அலகில் வைத்தாள். அவளுக்கும் அன்று வேறு இரை கிடையாது.

பொதியன் இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் மாலை அவன் அலகுக்குள் கனமாக ஏதோ விழுந்தது. விரால் மீன்! மடுவில் மிச்சமிருந்த கடைசி மீன் அதுதான். அவன் உடனே விழுங்கவில்லை. அலகுப் பைக்குள் அதை மெல்லப் புரட்டிப் பார்த்தான். பிறகு தலையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, தண்ணீரில் விட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற நெடுங்கழுத்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

மேலே கிளையில் இருந்த கருவாலன் இதைப் பார்த்தான். "பாவம், கிழவருக்கு வாயில வந்ததைக்கூட வச்சுக்கத் தெம்பில்ல!" என்றான். இருவரும் போகும்வரை காத்திருந்து, ஒரே முங்கில் அந்த விராலைக் கொண்டுபோய்விட்டான்.

பொதியன் அடுத்த வாரம் செத்துப்போனான். மடுவின் கரையில், அலகைத் தண்ணீரில் வைத்தபடியே கிடந்தான்.

பிறகு மழை வந்தது. அப்படி ஒரு மழை! குளம் கரை தொட்டது. இளம் பறவைகள் கும்மாளம் போட்டபடி முங்கின. வெறும் வாயோடு மேலே வந்தன. மறுபடி முங்கின. நாட்கள் போயின. குளம் நிறையத் தண்ணீர் இருந்தது, மீன் மட்டும் இல்லை.

கருவாலன் நெடுங்கழுத்தியிடம் ஓடி வந்தான். "தண்ணி வந்தும் மீன் வரலையே, பெரியம்மா!"

"எங்கிருந்துடா வரும்? குளம் காய்ஞ்சா அதுல உள்ள மீனெல்லாம் செத்துப்போகும். மழைக்குத் தண்ணி ஏறி மடுவைத் தொடும்போது, மடு மீன்தான் குளத்துல இறங்கிப் பெருகும். போன பஞ்சத்துக்கு அப்புறமும் அப்படித்தான் குளம் பிழைச்சுது. நீ இதுவரைக்கும் பிடிச்சதெல்லாம் அதோட வம்சம்தான்."

கருவாலன் மடுவைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ... அன்னிக்குப் பொதியன் பெரியப்பா வாயிலேர்ந்து நழுவிச்சே ஒரு விரால்?"

"நழுவலடா. அவனா விட்டான். 'சினை மீன் தங்கச்சி, பிள்ளைங்களுக்கு ஆகும், இருந்துட்டுப் போகட்டும்'னு சொன்னான்."

கருவாலன் வெகுநேரம் அழுதான். அழுது என்ன செய்ய!

பறக்க முடிந்தவர்கள் தூரத்துக் குளங்களுக்குப் போனார்கள். கருவாலனும் குஞ்சுகளோடு போனான். வயதானவர்கள் போக வழியில்லாமல் அங்கேயே தவளைக்கும் பூச்சிக்கும் அலைந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி ஒரு பறவை வந்து மடுக்கரையில் இறங்கியது. கருவாலன்தான். அவன் அலகில் ஒரு விரால் உயிரோடு நெளிந்தது. தண்ணீர் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும் மீன் அது. பசியோடு அத்தனை தூரம் பறந்தும் அவன் அதை விழுங்கியிருக்கவில்லை.

மீனை மடுவில் விட்டான். பிறகு தொண்டையிலிருந்து சின்ன மீன்கள் சிலவற்றைக் கக்கி நெடுங்கழுத்தியின் முன்னால் வைத்தான். "இது உங்க பங்கு, பெரியம்மா. சாப்பிடுங்க."

"மடுவுல விட்டது?"

"அது பெரியப்பா பங்கு."

"அவன்தான் இல்லையேடா, கருவாலா!"

கருவாலன் இன்னொரு மீன் கொண்டுவரத் திரும்பிப் பறந்தான்.

காலமெல்லாம் உழைத்தவர்களின் முதுமைக்கென்று வைத்த பங்கு தானம் அல்ல, அவர்கள் சம்பாதித்தது. பஞ்ச காலத்தில் அதைப் பகிர்ந்து உண்ணலாம், ஆனால் அடியோடு அழித்தால், அழித்தவர்களின் நாளையும் அதோடு போய்விடும்.