கத்திக்காரர் கேட்ட காவி

சந்தை சந்தையாகப் போய்க் கத்தி விற்கும் அரியமுத்து, ஒரு சாயங்காலம் கடையைக் கட்டிக்கொண்டு மலையடிவார மடத்துக்கு வந்தார். மடத்தில் இருந்தவர் வேம்பம்மாள் என்ற துறவி. அரியமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இவருக்கு அவர்தான் குரு. இவர் அவரைத் தாயே என்பார். அவர் இவரை அண்ணே என்பார். அதில் இரண்டு பேருக்குமே சங்கடம் எதுவும் இல்லை.

வேம்பம்மாள் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, எனக்குக் காவி குடுங்க. இனிமே இங்கேயே இருந்துடறேன்."

"என்ன அவசரம் அண்ணே?"

"வீட்டுல இருந்து என்ன செய்ய? சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. மகன் பக்கத்துத் தெருவுல தனிக்குடித்தனம். எனக்கு யாரோடவும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. முக்கியமா, சண்டை இல்ல. என்னைப் பத்தி ஒருத்தர் ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. துறவு கேட்டு வந்தவருக்கு அவ்வளவு பெருமை ஆகாதுதான்.

"பார்க்கலாம். முதல்ல மூட்டையை அவிழுங்க. எது நல்ல கத்தின்னு காட்டுங்க" என்றார் வேம்பம்மாள்.

"அப்படி ஒண்ணக் காட்டிச் சொல்ல முடியாது தாயே. ஆளுக்கு ஆள் மாறும்."

கத்திப் பேச்சு என்று வந்துவிட்டால் அரியமுத்துவைப் பிடிக்க முடியாது. துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது உள்பக்கமா வளைஞ்சது. கீரைக்காரங்க இதத்தான் கேப்பாங்க. இழுத்து அறுத்தா கீரை கலையாம கைக்குள்ள வந்துரும். இது முன்னால அகலம், நல்ல கனம். இளநீர் வெட்டுறவங்களுக்கு. பாதி வேலைய அந்தக் கனமே பாத்துரும். இந்த ஒல்லிக் கத்தி இருக்கே, நுனி ஊசி மாதிரி. கத்திரிக்காய்ச் சொத்தையத் தோண்டி எடுக்கணும்ல? வீட்டுப் பொம்பளைங்க இத எடுத்தாங்கன்னா கீழ வைக்க மாட்டாங்க."

"இதுக்கு நுனியே இல்லையே?"

"வேணும்னே மழுங்க அடிச்சது தாயே. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு. பிள்ள இழுத்துப் போட்டாலும் குத்தாது. ஒரு பூக்காரம்மா இருக்காங்க. மகன் காலேஜ் முடிச்சிட்டான். இன்னமும் நுனி இல்லாததுதான் வேணும்னு நிக்கிறாங்க. வேற கத்தியத் தொட்டா பயமா இருக்காம்."

வேம்பம்மாள் சிரித்தார். "உங்களுக்கு எது பிடிக்கும்?"

அரியமுத்து மடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார்.

"இதான். மடக்கிட்டா யார் மேலயும் படாது. நானும் அப்படியே இருந்து பழகிட்டேன். மகன் வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை வரும். அது ஒம்பதாகும். எதுக்கு வம்பு? அதனால போறதில்ல."

"ராத்திரிச் சாப்பாடு?"

"ரெண்டு வெங்காயத்த இதாலயே நறுக்கிக்குவேன். இருக்கிற சோத்துக்கு அது போதும்."

கொஞ்ச நேரம் அவர் கத்தியை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"போன வாரம் காய்ச்சல் தாயே. படுத்துக்கிட்டே, 'கொஞ்சம் தண்ணி குடு'ன்னு சத்தமாக் கேட்டுட்டேன். கேட்டப்புறம்தான் வீட்டுல யாருமில்லங்கிறது ஞாபகம் வந்துச்சு."

வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேம்பம்மாள் அவர் துடைத்து முடிக்கும்வரை பூசணிக்காயைத் தொடவில்லை.

"அண்ணே, உங்க மருமக வீட்டுல என்ன கத்தி வச்சிருக்கா?"

அரியமுத்து விரித்திருந்த கத்திகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"தெரியலையே தாயே."

"வளைஞ்சதா, ஒல்லியா?"

"தெரியல."

"வீட்டுல சின்னப் பிள்ள இருக்கா?"

"பேரன். தவழ்றானாம். சந்தைக்கு வந்தவங்க சொன்னாங்க."

வேம்பம்மாள் பூசணிக்காயின் அடுத்த கீற்றை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

அரியமுத்து நுனி இல்லாத கத்தியை எடுத்தார். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மூட்டையிலிருந்து சாணைக்கல்லை எடுத்து, கத்தியின் வெட்டுவாயை இன்னும் கொஞ்சம் தீட்டினார். மழுங்கின முனையில் பிசிறு ஏதாவது இருக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். எந்தச் சந்தையிலும் எந்தக் கத்திக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. பிறகு அதைத் துணியில் சுற்றினார்.

"விடியறதுக்கு முன்னால போயி அவங்க வாசப்படியில வச்சுட்டு வந்துடறேன். பிள்ளைக்கு ஆகும். வந்தப்புறம் காவி குடுங்க."

"வாசப்படியில வேண்டாம். மருமக கையில குடுங்க."

அரியமுத்து பதறிவிட்டார்.

"என்ன தாயே, தெரியாதவங்க மாதிரி பேசுறீங்க! கத்திய யாராவது கைக்குக் கை குடுப்பாங்களா? சண்டை வந்துருமே!"

"வரட்டுமே அண்ணே. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசித்தானே ஆகணும்?"