பேட்டரியிலிருந்து ஒரு சாண்

"ஒரு கம்பியை இழுத்துக் கட்டறதுக்கு எட்டு மாசம் படிக்கணுமுங்களா, அம்மிணி?"

செல்லமுத்து இப்படிக் கேட்டபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பதில் சொல்ல வேண்டிய தவமணிக்கு முப்பத்தாறு.

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர் செல்லமுத்து. முட்டி தேய்ந்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் வண்டியை விட்டு இறங்கினார். கார்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டும் பட்டறை ஒன்றை நாமக்கல்லில் தவமணி நடத்திவந்தாள். அங்கே போய், "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று நின்றார்.

அவள் வயதைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தாள். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

அதுதான் சேர்க்கை.

முதல் மாதம் அவர் ஒரு காரில் சிவப்புக் கம்பியைச் சுண்டுவிரல் தடிமனுக்கு இழுத்தார். மின்சாரம் திரும்பி வரும் எர்த்துக்கு, கையில் கிடைத்த மெல்லிய கறுப்புக் கம்பியை மாட்டினார்.

தவமணி வந்து பார்த்தாள்.

"அண்ணா, சரக்கேத்திட்டு நூறு லாரி போகுது. போற ரோடு நாலு வழி. திரும்பி வர்ற ரோடு ஒத்தையடிப் பாதை. என்ன ஆகும்?"

"ஒண்ணும் திரும்பாதுங்க."

அவள் போய்விட்டாள். செல்லமுத்து கறுப்புக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பின் தடிமனுக்கே வேறொன்றை வெட்டினார்.

மூன்றாம் மாதம் ஒரு காரில் பாட்டுக்கு நடுவே கொசு ரீங்காரம் கேட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொசுவும் கூடச் சேர்ந்து கத்தியது. இரண்டு நாள் தேடினார். ஸ்பீக்கரை மாற்றினார், ஒயரை மாற்றினார். கொசு போகவில்லை.

தவமணி ஒரு துண்டு உப்புத்தாளைக் கொடுத்தாள். எர்த் போல்ட்டை விரலால் காட்டினாள்.

போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பெயிண்ட். அதன் மேலேயே கம்பியை முடுக்கியிருக்கிறார். வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினார். கொசு செத்துவிட்டது.

இதெல்லாம் அவருக்குப் புரிந்தது. புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஆம்ப்ளிஃபயர் இருக்கறது பின்னால டிக்கியிலங்க. ஃபியூஸை எதுக்கு முன்னால, பேட்டரியில இருந்து ஒரு சாண்ல வைக்கச் சொல்றீங்க? காப்பாத்த வேண்டிய பொருளுக்குப் பக்கத்துலதானே காவல் இருக்கணும்?"

தவமணி கார் பானட்டைத் திறந்தாள். பேட்டரியில் விரலை வைத்தாள். விரல் கம்பியோடு நகர்ந்தது. இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு, தகட்டில் போட்ட ஓட்டை, டிரைவர் காலடி, மிதியடி விரிப்புக்கு அடியில், பின்சீட்டுக்கு அடியில், டிக்கி. சுற்றி நடந்து முடித்து நிமிர்ந்தாள்.

"இத்தனை தூரத்துக்கு யாரு காவல்?"

"கம்பிக்கு எதுக்குங்க காவல்? அது சும்மா கிடக்குது."

தவமணி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

எட்டு மாதம் முடிந்த வாரம், அருள்முருகன் என்ற கோழித்தீவன வியாபாரி புதுக் கார் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலைக் கோயிலுக்குப் போகிறார்கள். அதற்குள் பாட்டு வேண்டும்.

"நீங்களே பண்ணுங்கண்ணா" என்றாள் தவமணி. "நான் பக்கத்துல வரலை."

செல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் சோறு தண்ணி நினைப்பில்லாமல் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அருள்முருகனின் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் வந்து நின்றுகொண்டிருக்க, கடைசி போல்ட்டை முடுக்கினார். பாட்டு போட்டார்கள். பெரிய பிள்ளை கைதட்டியது. கார் கிளம்பிப் போனது.

அதன் சன்னலில் ஆடிய சின்னக் கை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு பட்டறையை ஒழுங்குபடுத்தினார். காரின் மேல் கீறல் விழாமலிருக்க விரித்திருந்த துணியை மடித்தார். அதிலிருந்து ஒன்று உருண்டு விழுந்தது.

கறுப்பு ரப்பர் வளையம்.

தகட்டில் போட்ட ஓட்டையில் பதிக்க வேண்டியது. அது இல்லையென்றால் கம்பி பச்சை இரும்பு விளிம்பில் கிடந்து உரசும். அந்த ஓட்டையை அவர்தான் புதிதாகத் துளைத்திருந்தார். விளிம்பு கத்தி மாதிரி இருந்தது அவர் விரலுக்கே தெரியும். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கம்பியின் தோல் கொஞ்சம் அறுபடும்.

அறுபட்டுத் தகட்டைத் தொட்டால், பேட்டரியின் மொத்த வேகமும் அந்தக் கம்பியில் பாயும். அடுப்புக் கம்பி போலச் சிவக்கும். அங்கே பிடிக்கிற தீ போகிற வழியெல்லாம் விரிப்பு, பஞ்சு, சீட்டு. சீட்டின் மேல் ஐந்து பேர்.

போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். அதே குரல்.

தவமணி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்லமுத்து வளையத்தை நீட்டினார்.

அவள் வளையத்தைப் பார்த்தாள். சோற்றுக்கை அப்படியே நின்றது.

"ஃபியூஸ் எங்க வெச்சீங்க?"

"பேட்டரியில இருந்து ஒரு சாண்."

"அளந்தீங்களா?"

"அளந்தேனுங்க." வளையத்தைக் கையில் உருட்டினார். "ஆனா அம்மிணி, நான் அதைப் புரிஞ்சு வைக்கலை. நீங்க சொன்னீங்களேன்னு வெச்சேன்."

தவமணி அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"ஃபியூஸுக்கு அது தெரியாதுங்கண்ணா."

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஒரு பையில் புது ஃபியூஸ் இரண்டு, கொஞ்சம் கம்பி, அந்த வளையம், வட்ட அரம் எல்லாம் போட்டுக் கொடுத்தாள்.

"போய்ச் சரிபண்ணிட்டு வாங்க. மெதுவாப் போங்க."

மெதுவாகப் போக முடியவில்லை. மொபெட்டை அடித்துக்கொண்டு போனார். சேந்தமங்கலம் தாண்டினார். காரவள்ளியில் மலை தொடங்கியது. லாரியில் எத்தனையோ மலை ஏறியவர், இந்த மலையில் ஒவ்வொரு வளைவிலும் புகையைத் தேடினார். ஒரு வளைவில் புகை தெரிந்தது. பக்கத்தில் போனார். யாரோ சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தோராம் வளைவைத் தாண்டினதும் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது.

பலாமரத்து நிழலில் சமுக்காளம் விரித்திருந்தார்கள். அருள்முருகனின் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் குரங்குக்குப் பயந்து, பயந்துகொண்டே அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

செல்லமுத்து மொபெட்டிலேயே உட்கார்ந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சரியாக வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

"அட, நீங்களா? எப்படித் தெரியும்?" என்று அருள்முருகன் எழுந்து வந்தார். "போன்கூட எடுக்கலைங்க இங்க."

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லைங்க. பாட்டு நின்னுபோச்சு. வண்டி நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க அழுதுச்சு. சரி, சோறாவது திங்கலாம்னு நிறுத்தினோம்."

பாட்டு நின்றுபோனது. அவ்வளவுதான்.

செல்லமுத்து பானட்டைத் திறந்தார். தகட்டு ஓட்டையில் கம்பியின் சிவப்புத் தோல் அறுபட்டு, செம்பு தெரிந்தது. செம்பு இரும்பைத் தொட்ட இடத்தில் மிளகளவு கரி. அதற்கு இந்தப் பக்கம், பேட்டரியிலிருந்து ஒரு சாணில், கண்ணாடி மூடிக்குள் ஃபியூஸ் கருகி இரண்டாகப் பிளந்திருந்தது.

அதற்கு அப்பால் எல்லாம் குளிர்ந்து கிடந்தது. கம்பியைத் தொட்டார். டிரைவர் காலடியில் தொட்டார். பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தொட்டார். டிக்கிவரைக்கும் தவமணியின் விரல் போன வழியில் அவர் கையும் போனது. எங்கும் சூடில்லை.

முட்டி வலித்தது அப்போதுதான் தெரிந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, உடம்புக்கு முடியலையா?" என்று அருள்முருகனின் அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"நல்லா இருக்கேனுங்க." குடித்தார். "இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்லைங்க."

பிறகு நடந்ததை மறைக்காமல் சொன்னார். வளையத்தைக் காட்டினார். அருள்முருகனுக்கு முகம் வெளுத்தது. கரியைக் குனிந்து பார்த்தார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லாம சரிபண்ணிட்டுப் போயிருக்கலாமேங்க" என்றார் கடைசியில்.

"போயிருக்கலாமுங்க."

"உட்காருங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு வேலையைப் பாருங்க."

புளிச்சோறு சாப்பிட்டார். ஓட்டை விளிம்பை அரத்தால் மழுக்கினார். வளையத்தைப் பதித்தார். தோல் அறுந்த துண்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுசு போட்டார். ஃபியூஸை வைத்தார். பாட்டு வந்தது. குரங்கு ஓடிப்போயிற்று.

பொழுது சாயும் முன்னே பட்டறைக்குத் திரும்பினார். தவமணி வாசலில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். மத்தியானத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு என்று செல்லமுத்துவுக்குத் தோன்றியது.

"அஞ்சு பேரும் சோறு தின்னுட்டு இருந்தாங்க, அம்மிணி."

"ம்."

"நான் எதையாவது மறப்பேன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் அங்க வைக்கச் சொன்னீங்க. சரிதானுங்களே?"

தவமணி ஓரத்தில் நின்ற தன் சொந்தக் காரிடம் போனாள். பானட்டைத் தூக்கினாள்.

"இந்த வண்டிக்கு வயரிங் யாரு பண்ணினது?" என்று கேட்டார் செல்லமுத்து.

"நான்தான். பத்து வருஷமாச்சு."

செல்லமுத்து குனிந்தார். பேட்டரியிலிருந்து ஒரு சாண். ஃபியூஸ் மூடி பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. உள்ளே இருந்த ஃபியூஸ் மட்டும் புத்தம் புதுசாக மின்னியது.

"இது எப்ப எரிஞ்சு மாத்தினதுங்க, அம்மிணி?"

"போன ஆடியிலங்கண்ணா."