சிவப்பு மூடி, கறுப்பு மூடி

"மேடம், என்னை எப்போ விஞ்ஞானின்னு சொல்லுவீங்க?"

ஏகாம்பரம் சார் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். என் பெயர் பூங்காவனம். அந்த மண் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுவது, மாதிரி எடுக்கப் போகிறவர்களோடு படகில் போவது, யாருக்குக் கோபம் வந்தாலும் திட்டு வாங்குவது, இதெல்லாம் பத்தொன்பது வருஷமாக என் வேலை.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. மேடத்துக்கு நாற்பது. சார் அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர். டாக்டர் மெஹருன்னிசா மேடம் அவருக்கு வழிகாட்டி. இதில் ஒரு கூத்து உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மேடத்துக்கு வேதியியல் எடுத்தவரே இந்த சார்தான். அதனால் வாத்தியார் இவரை 'மேடம்' என்பார், மேடம் அவரை 'சார்' என்பார். யார் குரு, யார் சிஷ்யன் என்று தெரியாமல் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

மேடம் மேஜை மேல் கிடந்த செய்தித்தாளைப் பார்த்தார். அதில் சாரின் போட்டோ இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'கோட்டேரி செத்துவிட்டது: ஆய்வாளர் தகவல்' என்று போட்டிருந்தார்கள்.

கோட்டேரி எங்கள் ஊர் ஏரி. அதன் கரையில் ஒரு காலத்தில் தோல் ஆலைகள் இருந்தன. அத்தனை குரோமியக் கழிவும் ஏரிக்குள்தான் போயிற்று. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆலைகளை மூடினார்கள். அதற்குப் பிறகு ஏரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் சாரின் ஆராய்ச்சி.

ஏரிச் சேறு அடுக்கடுக்காகப் படியும். மேலே இருப்பது போன மழைக்குப் படிந்தது. அடியில் இருப்பது பழசு. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை நெட்டுக்குத்தலாக இறக்கி உருவினால், அத்தனை வருஷமும் குழாய்க்குள் வந்துவிடும். சார் உருவியது ஒரு கை நீளக் குழாய். அதில் அடிச்சேற்றில் விஷம் குறைவு, மேலே வரவர அதிகம். ஆலையை மூடின பிறகும் ஏரி மோசமாகிக்கொண்டே போகிறது என்று அதற்கு அர்த்தம்.

மேடம் வெளியூர் போயிருந்த வாரத்தில் ஒரு நிருபர் போன் பண்ணினார். சார் வாய் நிறையச் சொல்லிவிட்டார். மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. செத்த ஏரிதானே, தூர்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு கட்டலாம் என்றார்கள். திங்கட்கிழமை கலெக்டர் தலைமையில் கூட்டம். அன்றைக்கு முடிவு.

சார் அப்படிக் கேட்ட அன்று காலையில்தான் மீனவர் சங்கத் தலைவர் கன்னியப்பன் ஆய்வகத்துக்கு வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போயிருந்தார்.

"செத்த ஏரிக்கு நத்தைகொத்தி நாரை இன்னாத்துக்கு சார் வருது? ரெண்டு வருசமா கூட்டம் கூட்டமா எறங்குது. சேத்துல நத்தை இல்லாம, பிரசாதம் வாங்கவா வருது?"

"நாரை சொல்றத நான் எழுத முடியாதுங்க. மெஷின் சொல்றதத்தான் எழுத முடியும்" என்றார் சார்.

"நூத்தி நாப்பது குடும்பம் சார். ஏரியத் தூத்துட்டா நாங்க பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கறதா?"

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கன்னியப்பனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நம்பர் நம்பர்தானே, நாம் என்ன செய்வது என்று பாட்டில் கழுவப் போய்விட்டேன்.

கன்னியப்பன் போன பிறகுதான் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார். பேப்பரில் போட்டோ வந்த தெம்பு அவருக்கு.

மேடம் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"சார், அந்தக் குழாய்ல ஒரு பாதி குளிர் ரூம்ல இருக்கு இல்ல?"

"இருக்கு மேடம். நெடுக்கால பொளந்து, ஒரு பாதி பரிசோதனைக்கு, ஒரு பாதி பத்திரமா."

"அத எடுத்து வெச்சு, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் கண்ணால பாருங்க. பாத்தத எழுதிட்டு வாங்க."

"மெஷின்தான் நம்பரே குடுத்துடுச்சே மேடம்!"

"மெஷினுக்குக் கண்ணு இல்லையே சார்."

"அப்ப நான் கேட்ட கேள்வி?"

"பாத்துட்டு வாங்க" என்றார் மேடம்.

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. குளிர் ரூமுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் குடுக்கற வேலைய எனக்குக் குடுக்குது பாரு." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் ஸ்கேலும் நோட்டும் எடுத்துப் போனேன்.

பாதிக் குழாயை மேஜையில் படுக்க வைத்து, சுற்றியிருந்த பாலிதீனைப் பிரித்தேன். சிவப்பு மூடி போட்டிருந்த பக்கம் மேல்முனை. கறுப்பு மூடி போட்டிருந்த பக்கம் அடிமுனை. எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் வழக்கம்.

சார் மேல்முனையை விரலால் தொட்டார். எழுதினார். "களிமண். இறுக்கமா இருக்கு." இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தார். மறுபடி தொட்டார். இப்படியே அரை மணி நேரம் போயிற்று.

அடிமுனைக்கு வந்தபோது அவர் விரல் உள்ளே புதைந்தது.

"என்ன பூங்காவனம், அடி கொழகொழன்னு இருக்கு?"

"ஆமா சார். கரைச்ச மாவு மாதிரி."

"மேல இருக்கறதுதானே கொழகொழன்னு இருக்கணும்? அடிச்சேறு அமுங்கி அமுங்கி இறுகித்தானே இருக்கும்?"

எனக்கு என்ன தெரியும்? குழாயைப் பிளந்து துண்டு போட்ட அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஸ்கேல் மேல்தான் இருந்தது. சேற்றை யார் பார்த்தார்கள்?

சார் ஒரு சின்ன இடுக்கியால் அந்தக் கொழகொழப்பைக் கிளறினார். முதலில் ஒரு நத்தை ஓடு வந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குப் பிறகு நான்காக மடிந்து நசுங்கின ஒரு ஷாம்பு பாக்கெட் வந்தது. சார் அதைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பேக்கிங் தேதி அழியாமல் இருந்தது.

தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குளிர் ரூமில் அவருக்கு வியர்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டு வருஷ பாக்கெட் இருபது வருஷச் சேற்றுக்கு அடியில் எப்படிப் போகும்? போகாது. குழாய் தலைகீழாக இருக்கிறது. நாங்கள் அடி என்று எழுதியதெல்லாம் மேல், மேல் என்று எழுதியதெல்லாம் அடி.

எனக்கு அந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. தூறல். படகு ஆடுகிறது. குழாயைச் சேற்றிலிருந்து உருவும்போது, அடிமுனை தண்ணீரை விட்டு வெளியே வருவதற்குள் அதற்கு மூடி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சேறு நழுவி விழுந்துவிடும். சார் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தபடி, "மூடி! மூடி குடு!" என்று கத்தினார். கைக்கு எது அகப்பட்டதோ அதைக் கொடுத்தேன். அடிக்குச் சிவப்பு போயிற்று. மிச்சம் இருந்த கறுப்பு மேலே போயிற்று.

"சார்" என்றேன். "செவப்பு மூடிய எடுத்துக் குடுத்தது நான்தான்."

"போட்டது யாரு?"

நான் பிரித்த பாலிதீனை எடுத்து மடித்தேன்.

சார் பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேப்பரில் போட்டோ வந்தாயிற்று. வீட்டில் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று அவர் சம்சாரமே என்னிடம் சொன்னார். பழைய மாணவர்கள் எல்லாம் போன் பண்ணி வாழ்த்துகிறார்கள். இந்த வயசில் ஊர் முன்னால் போய், நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷ வேலை.

"சார், குப்பையில போட்டுடுங்க. யாரும் பாக்கல" என்றேன். சொன்னேன், மறைக்கவில்லை. சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பாத்தே. நானும் பாத்தேன். ரெண்டு பேர் ஆச்சே பூங்காவனம்."

எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனார். பாக்கெட்டை மேஜையில் வைத்தார்.

"மேடம், குழாய் தலைகீழ். மூடிய மாத்திப் போட்டுட்டேன். ஏரி மோசமாகல. நான்தான் தப்பா படிச்சுட்டேன்."

மேடம் பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் படித்தார். திட்டுவார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"இது ஒரு சந்தேகம் சார். ஒரு பாக்கெட்ட வெச்சு ஏரி செத்துச்சுன்னும் சொல்ல முடியாது, பொழைச்சுதுன்னும் சொல்ல முடியாது. இன்னைக்குக் கிழமை என்ன?"

"புதன்."

"கூட்டம் திங்கக்கிழமை" என்றார் மேடம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கோட்டேரிக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார் அவரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கன்னியப்பன் கேட்டு முடித்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

"ஏறுங்க சார். இந்தத் தடவ நான் ஓட்டறேன். படகு ஆடாது."

ஏரியில் மூன்று இடத்தில் மூன்று குழாய் இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் சார் "அடிக்குக் கறுப்பு!" என்று கூவினார். நானும் "அடிக்குக் கறுப்பு!" என்று திருப்பிக் கூவிவிட்டுத்தான் கொடுத்தேன். மூன்றாவது குழாய்க்குக் கன்னியப்பனும் சேர்ந்து கூவினார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், இதுகளுக்கு என்ன பைத்தியமா என்று பார்த்தார்கள். நாரைகள் மட்டும் எங்களைச் சட்டை செய்யவே இல்லை. சேற்றில் அலகைச் செருகுவதும் எடுப்பதுமாக அவை பாட்டுக்கு இருந்தன.

மூன்று நாள் சாரும் நானும் சேற்றைக் காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மெஷின் நம்பரைத் துப்ப ஆரம்பித்தது. அடிச்சேற்றில் கிலோவுக்குத் தொள்ளாயிரம் மில்லிகிராம் குரோமியம். நடுவில் நானூறு. மேலே அறுபது. மூன்று குழாயிலும் அப்படியே. அறுபது என்பது எந்த ஆலையும் பார்க்காத நல்ல மண்ணில் இருக்கிற அளவு என்றார் மேடம்.

சார் அந்த நம்பர் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எங்கள் ஏரி ஐயா!

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் கூட்ட அறையில் நிற்க இடமில்லை. மீனவர்கள் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு கேட்டவர்கள் ஒரு பக்கம். பேசச் சொல்லிக் கூப்பிட்டதும் சார் எழுந்தார். மேடம் பக்கம் பார்க்கவே இல்லை.

"போன வாரம் பேப்பர்ல வந்தது தப்பு. குழாய்க்கு மூடிய மாத்திப் போட்டவன் நான். மேல இருந்ததை அடின்னு படிச்சேன். அடியில இருந்ததை மேலன்னு படிச்சேன்."

அறையில் சலசலப்பு எழுந்தது. பின்னால் இருந்து ஒருவர் உரக்கக் கேட்டார். "என்ன வாத்தியாரே, நீங்களே பெயிலா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து, மூடியை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று கத்தலாமா என்று பார்த்தேன். சார் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"ஆமாங்க. நான் பெயில்" என்றார். "ஏரி பாஸ்."

புது நம்பர்களைப் படித்தார். தொள்ளாயிரம், நானூறு, அறுபது. பள்ளிக்கூடத்தில் மார்க் படிக்கிற அதே குரல். "இருபது வருஷமா ஏரி தன் விஷத்து மேல நல்ல சேத்தைக் கொஞ்சம் கொஞ்சமா போர்த்திக்கிட்டு வந்திருக்கு. அதுல நத்தை வந்திருக்கு. நத்தைக்கு நாரை வந்திருக்கு. தூர்க்கவும் வேணாம், தோண்டவும் வேணாம். கிளறினா அடியில இருக்கறது மேல வந்துடும். நாம அதைச் சும்மா விட்டாலே போதும்."

கலெக்டர் கேட்டார். "போன வாரம் செத்துதுன்னீங்க. இந்த வாரம் பொழைச்சுதுங்கறீங்க. நான் எத நம்பறது?"

"என்னை நம்ப வேணாம் சார். அப்ப ஒரு குழாய், இப்ப மூணு குழாய். நாளைக்கு உங்க ஆளை அனுப்புங்க. கன்னியப்பன் படகு தருவார். வர்றவங்க கையாலயே மூடி போடட்டும்."

"தர்றேன் சார்! எத்தினி படகு வேணும்?" என்று கன்னியப்பன் எழுந்து நின்று கத்தினார்.

கலெக்டர், மேடம் கையெழுத்துப் போட்ட தாள்களைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் ஏதோ பேசினார். பிறகு மைக்கைப் பிடித்தார். தூர்க்கிற திட்டம் ரத்து. ஏரியில் யாரும் மண் எடுக்கக் கூடாது. வேறு ஆய்வகத்தை வைத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வோம், மீன்பிடி வழக்கம்போல நடக்கட்டும்.

அவர் முடிப்பதற்குள் அறை அதிர்ந்தது. கன்னியப்பன் நாற்காலி மேல் ஏறிவிட்டார். மீனவப் பெண்கள் குலவை போட்டார்கள். கலெக்டர் ஆபீசில் குலவை! காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். இரண்டு பேர் சாரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். சார் வேண்டாம் வேண்டாம் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கொஞ்சம் அடங்கினதும், கலெக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"குறிப்புல எழுதணும் டாக்டர். இந்தத் தப்பக் கண்டுபிடிச்சது நீங்கதானே?"

மேடம் எழுந்தார்.

"நான் இல்ல சார். எங்க ஆய்வகத்துல ஒரு விஞ்ஞானி இருக்கார். பேர் ஏகாம்பரம். எழுதிக்குங்க."