ததேயு இழுத்த பொய்மீன்

ததேயுவின் மகனுக்கு இன்னும் இரண்டு நாளில் கல்யாண நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பன் ஒரு பெரிய மீனோடுதான் பெண் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். வலையில் மாட்டிய மீன் ஆகாது. தானாக வந்து தூண்டிலைக் கடித்த மீனாக இருக்க வேண்டும். பெண்ணை வாரிக்கொண்டு போகவில்லை, அவள் சம்மதித்துத்தான் வருகிறாள் என்பதற்கு அது அடையாளமாம். பெண்ணின் தாய்மாமன்மார் மீனின் வாயைப் பிளந்து, தூண்டில் முள் ஏறிய காயத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார்கள்.

ததேயுவோ மீசை முளைத்த நாளிலிருந்து வலைக்காரர். தூண்டில் போடுகிறவர்களை வேலையற்ற பயல்கள் என்று சந்தியில் நின்று கேலி பேசியவர். இப்போது வேறு வழியில்லாமல், தன் மகன் வயதுள்ள கிளீட்டஸிடம் போய் நின்றார். பொய்மீனை இரையாகக் கட்டி, வள்ளத்தின் பின்னால் இழுத்து மீன் பிடிப்பதில் கிளீட்டஸை மிஞ்ச ஆளில்லை. ஊரே அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டது. ததேயுவும் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அப்படியே கூப்பிட்டார்.

விடிந்ததும் இருவரும் வள்ளத்தில் போனார்கள். பொய்மீன் கெட்டி மரத்தில் செய்தது, சாளை மீன் போலச் சாயம் பூசியது. உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொக்கி போட்டு இணைத்திருந்தார்கள். வள்ளம் ஓட ஓட, அது பின்னால் நெளிந்து நெளிந்து நீந்தி வந்தது. அடிவயிற்றில் முள்.

ததேயு ஒரு கையில் என்ஜின் பிடியும், அறுபடாமலிருக்க சைக்கிள் ட்யூப் சுற்றிய மறு கையில் பொய்மீன் கட்டிய தங்கூசி நரம்புமாக உட்கார்ந்தார்.

"நேரா விடுங்க மாமா," என்றார் ஆசான்.

நேராக விட்டார். வலைக்காரன் பெருமை, நூல் பிடித்தாற்போல விட்டார்.

"என்ன, நேராவே போறீங்க? வளைங்க."

வளைத்தார்.

"வேகம் பத்தாது."

கூட்டினார்.

"இவ்வளவு வேகம் எதுக்கு? பொய்மீன் நீந்தாம சுத்துது, பாருங்க."

குறைத்தார். வெயில் ஏறியது. ததேயுவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"ஆசானே, நேரா போகவா, வளைஞ்சு போகவா? ஒண்ணைச் சொல்லும்."

"ரெண்டும்தான்."

"வேகமாவா, மெதுவாவா?"

"அப்பப்போ."

"மீனுக்கு எதுதான் பிடிக்கும்?"

"அதுக்கே தெரியாது. கடிக்கலாமா வேண்டாமான்னு பின்னாலேயே வரும். இரை தப்பிக்கப் பாக்குதுன்னு தோணினா பாய்ஞ்சிரும்."

"எப்போ தோணும்?"

"அதை மீன்கிட்டதான் கேக்கணும்."

"என்னை வச்சு விளையாடுறீரா?"

"வளைங்க மாமா."

ததேயுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடியை வெடுக்கென்று திருப்பினார். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்தது. பின்னால் தண்ணீர் குபுக்கென்று பொங்கியது. தங்கூசி அவர் தோளையே பிடுங்கிக்கொண்டு போவதுபோல இழுத்தது. பெரிய பாரை மீன். வெள்ளையாக ஒரு புரள் புரண்டு உள்ளே போயிற்று.

"மாதாவே," என்றார் ததேயு. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதே நொடியில் அவருடைய மறு கை என்ஜினை அணைத்தது. வலையில் பாரம் தட்டினால் வள்ளத்தை நிறுத்திவிட்டுத்தான் இழுப்பார்கள். வாழ்நாளெல்லாம் அதையே செய்து பழகிய கை.

தங்கூசி தொய்ந்தது. தொய்ந்த வேளை பார்த்துப் பாரை தலையை ஓர் உதறு உதறியது. கனத்த பொய்மீன் அதன் வாயிலிருந்து கழன்று தண்ணீரில் தெறித்து விழுந்தது.



"ஏன் போச்சு ஆசானே?"

"என்ஜினை அணைச்சீங்க."

"அணைக்காதேன்னு நீரு சொல்லலியே."

"சொல்லியிருந்தா மட்டும் கை கேட்டிருக்குமா?"

ததேயு தன் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்? வலைக்காரன் கூப்பிட்டா ஒரு மீன்கூட வராதான்னு பொண்ணோட மாமன்மார் கேப்பானுங்க. பையன் பக்கத்துல நிப்பான். அவன் தலை குனியறதை நான் எப்படிப் பாப்பேன்?"

ஆசான் பொய்மீனை இழுத்தெடுத்தார். அதன் முதுகில் பல் பட்டு மரம் தெரிந்தது. வளைந்திருந்த முள்ளைக் குறட்டால் நிமிர்த்தினார்.

"நான் வளைச்சதாலயா வந்துது? இல்ல, கோபத்துல வெடுக்குன்னு திருப்பினேனே, அதாலயா?"

ஆசான் முள்ளின் முனையை நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதே மீன் திரும்ப வருமா? வாய் புண்ணாயிருக்குமே. இடத்தை மாத்தணுமோ? இல்ல, இந்தப் பொய்மீனத்தான் மாத்தணுமோ?"

ஆசான் அதைத் தண்ணீரில் போட்டு, தங்கூசியை ததேயுவின் மடியில் வைத்தார். வள்ளம் ஓடாததால், பொய்மீன் நெளியாமல் அதன் ஓரத்தில் வெறும் கட்டையாக மிதந்தது. பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"ஏதாவது ஒண்ணு சொல்லும் ஆசானே. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. எங்க தப்பு பண்ணினேன், இனி எப்படி, ஒண்ணுமே தெரியலியே. நான் இப்போ என்னதான் செய்யட்டும்?"

"வள்ளம் இன்னும் நிக்குது மாமா," என்றார் ஆசான்.