நண்டுக்குறிச்சியின் வில் விசைப்பலகை

கடலுக்குப் போகிற பெண்களின் விரல்களைப் பற்றி எந்தக் கைபேசிக்கும் ஒன்றும் தெரியாதிருந்த அந்தக் காலத்தில், நண்டுக்குறிச்சியில் நாற்பது பெண்கள் கடற்பாசி எடுத்துப் பிழைத்தார்கள். படகில் தீவுக்குப் போவார்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கிப் பாறை இடுக்கில் பாசி பறிப்பார்கள். கைபேசி பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கும். குரலில் சொன்னால் காற்றிரைச்சலில் கேட்காது என்பதால், எதையும் எழுதித்தான் அனுப்புவார்கள்.

அவர்களில் மூத்தவள் மரிய பிரகாசி. ஒரு நாள் காய்ச்சலோடு கரையில் இருந்தவள், வானம் கறுப்பதைப் பார்த்து, பக்கத்துத் துறையில் படகேறக் காத்திருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினாள். 'இன்று கிளம்ப வேண்டாம்' என்றுதான் எழுத நினைத்தாள். பொடிப்பொடிக் கட்டங்களில், காய்ச்சல் வியர்வையில் ஈரமான கட்டைவிரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டு, 'கிளம்ப வேண்டும்' என்று போய்விட்டது.

அவர்கள் கிளம்பினார்கள். படகு கவிழ்ந்தது. எல்லோரையும் மீட்டுவிட்டார்கள், ஆனால் பிரகாசியின் தோழி புல்ஜென்சிக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் படகுச் சங்கச் செயலாளர் சேவியர் சொன்னார். "இனி பொம்பளைகளைத் தீவுக்கு ஏத்துறதா இல்லை. ஒரு சேதியைக்கூட உங்களால ஒழுங்கா அனுப்ப முடியல."

தீவு இல்லையென்றால் நாற்பது வீட்டில் அடுப்பு எரியாது. "தப்பு என்னோடது அண்ணே. எனக்கு ஒரு மாசம் கொடுங்க," என்றாள் பிரகாசி.

அவள் தம்பி மனைவி ஜெனோவா கல்யாணத்துக்கு முன் மதுரையில் கணினி வேலை பார்த்தவள். அவளிடம் பிரகாசி கேட்டாள். "இந்த எழுத்தையெல்லாம் இப்படித்தான் அடுக்கணும்னு சட்டமா?"

"சட்டமெல்லாம் இல்ல மதினி. யாரோ அடுக்கினாங்க, எல்லாரும் பழகிட்டோம்."

"அப்ப நாம அடுக்குவோம்."

கைபேசி அளவுக்கு அட்டைகள் வெட்டினார்கள். நாற்பது பெண்களும் அட்டையை ஒரு கையில் பிடித்து, கரி தொட்ட கட்டைவிரலால், எட்டுகிற இடத்திலெல்லாம் ஒற்றினார்கள். எல்லா அட்டையிலும் கரி வில்லாக வளைந்து விழுந்திருந்தது. மூலைகளில் ஒரு பொட்டுகூட இல்லை.

அந்த வில்லின் மேல் ஜெனோவா எழுத்துகளைப் பெரிது பெரிதாக நிறுத்தினாள். அடிக்கடி வருகிறவற்றை விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். உயிர்க்குறிகளுக்குத் தனிக் கட்டமே வேண்டாம் என்றாள் பிரகாசி. 'ட' எழுத்தை மேலே தள்ளினால் 'டா', கீழே இழுத்தால் 'டு' என்று ஆனது. ஜெனோவா அதைச் செயலியாக்கி நாற்பது பேர் கைபேசியிலும் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரம் பெண்கள் முனகினார்கள். பழகியதை மறப்பது லேசாக இல்லை. பிரகாசி தன் கைபேசியிலிருந்து பழைய பலகையை அவர்கள் முன்னாலேயே எடுத்தெறிந்தாள். அதற்குப் பிறகு யாரும் முனகவில்லை.

மாதம் முடிந்தது. சேவியர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே பலகை. உங்களுக்கு மட்டும் தனியா?"

"எங்க விரலும் வேலையும் தனி அண்ணே. பலகையும் தனியா இருந்துட்டுப் போகட்டும். வாங்க, தண்ணியில இறங்கி எழுதிப் பாப்போம்."

இருவரும் இடுப்பளவு நீரில், இடக்கையால் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழுத வேண்டியதைக் கரையிலிருந்து புல்ஜென்சி, கட்டுப் போட்ட தோளோடு உரக்கச் சொன்னாள். "காற்று திரும்பிவிட்டது. நாங்கள் ஏழு பேரும் தென்கரையில் பத்திரமாக இருக்கிறோம்."

அலை முகத்தில் அடித்தது. பிரகாசி திரையைப் பார்க்காமல் அலையையே பார்த்து எழுதினாள். சேவியர் ஒவ்வொரு அலைக்கும் அழித்து அழித்து எழுதினார்.

புல்ஜென்சியின் கைபேசிக்கு முதலில் வந்தது பிரகாசியின் செய்தி. ஒரு புள்ளி பிசகவில்லை. வெகுநேரம் கழித்து வந்த சேவியரின் செய்தியில் 'தென்கரை' 'தேங்கரி' ஆகியிருந்தது. புல்ஜென்சி இரண்டையும் அப்படியே வாசித்தாள்.

சேவியர் கரையேறி வேட்டியைப் பிழிந்தார். பிறகு தன் கைபேசியை ஜெனோவாவிடம் நீட்டினார். "எனக்கும் அதைப் போட்டுக் கொடும்மா. நாளைக்கு விடிய அஞ்சு மணிக்குப் படகு. எல்லாரையும் வரச் சொல்லு."

பிரகாசி தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, நாற்பது பேருக்கும் தானே அந்தச் செய்தியை எழுதினாள்.

நண்டுக்குறிச்சிக்காரர்களின் கைபேசியில் எழுத்துகள் வரிசையாக நிற்காமல் வில்லாக வளைந்து நிற்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். வெளியூர்க்காரர்கள் இது என்ன கோணல் பலகை என்று கேட்டால், அந்த ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து நின்று, "இது எங்க கை அளவு," என்பார்கள்.