பதினொரு விநாடி அமிர்தவல்லி

"சாமி, ஃபோர் கே டிவி வாங்கலாமா, வேண்டாமா?"

கேட்டவர் பொன்னுரங்கம். வயது அறுபத்து நான்கு. சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

முக்திக்கு வழி கேட்டு வந்திருந்த இரண்டு பேர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். முக்தி கிடைத்துவிட்டது போலத்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள்.

சாமி சிரிக்கவில்லை.

"இருக்கிற டிவிக்கு என்ன?"

"நல்லாத்தான் ஓடுது. அவ முகம்தான் தெரியல."

அவள் என்றால் அமிர்தவல்லி, அவர் மனைவி. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாள். மூன்றாம் நாள் இல்லை.

ரேஷன் கார்டில் ஒரு படம் இருக்கிறது. அதில் அவள் யாரோ மாதிரி இருப்பாள். அசைகிற அமிர்தவல்லி, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய மச்சினன் கல்யாண வீடியோவில் மட்டும்தான். அதுவும் பதினொரு விநாடி.

"அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை சாமி. பேசாமதான் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில ஏதோ சொல்றா. கோவமா சொல்றாளா, சிரிச்சுட்டுச் சொல்றாளா, அது தெரிஞ்சா போதும். ஃபோர் கேயில புருவத்து முடியைக்கூட எண்ணலாம்னு கடைக்காரர் சொல்றார்."

சாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பாத்துடுவோம்."

வீட்டில் டிவி முன்னால் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. சாமி தரையில் உட்கார்ந்தார்.

பந்தி ஓடியது. வீடியோ விளக்கு இலை இலையாக நகர்ந்து வந்தது. ஒருவர் வாயருகே கொண்டுபோன சோற்றை அப்படியே நிறுத்தினார். ஒரு அம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். வீடியோக்காரர் பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்.

அமிர்தவல்லி வந்தாள். வெளிச்சம் பட்டதும் வலது பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். மல்லிகைச் சரம், காது, கன்னத்தின் ஓரம். அவ்வளவுதான். விளக்கு நகர்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க."

ஆறு தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் பொன்னுரங்கம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"யார்கிட்ட சொல்றாங்க?"

"என்கிட்டதான். பக்கத்து இலை நான்தானே."

"நிறுத்துங்க."

படம் நின்றது. சாமி எழுந்து போய், திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். கறுத்த மீசையோடு ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகத் தினமும் ஓடிய படம். அந்த ஆளைப் பொன்னுரங்கம் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அந்த முகம் பழைய டிவியிலேயே தெளிவாகத் தெரிந்தது. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அவங்க முகம் முழுசாத் தெரிஞ்சிருக்கும், அந்த ஒரு இடத்துலேர்ந்து," என்றார் சாமி. "நீங்க எங்க பாத்துட்டிருக்கீங்க?"

பொன்னுரங்கம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"கேமராவை, சாமி."