மேசை மேல் வைத்த சாவி

"மேடம், பெட்டியை எப்ப என் பொறுப்புல விடுவீங்க?" என்று உலகநாதன் கேட்டார்.

வேதவல்லி பேனாவை மூடி வைத்தார்.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பெட்டி என்றால் ஒன்றுதான். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. ஹைவோல்டேஜ் ஆம்ப்ளிஃபயர் என்று அதற்குப் பெயர். கைக்கடிகார பேட்டரி அளவு மின்சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். வெளியே விடும்போது பத்தாயிரம் வோல்ட்டாகப் பெருக்கி விடும். அங்கே நடக்கிற ஆராய்ச்சி எல்லாம் அதை நம்பித்தான்.

அதைப் பார்த்துக்கொள்கிறவர் வேதவல்லி. மாதக் கடைசியில் அவர் வேறு ஊருக்குப் போகிறார். போவதற்குள், இன்னார் தேறிவிட்டார், இனி இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டியைப் பூட்டி வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். உலகநாதனின் பாதி முடிந்த ஆராய்ச்சியும் அதோடு போய்விடும்.

உலகநாதன் பல வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அப்புறம் படிக்க வந்தவர். வேதவல்லியைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை.

"இன்னைக்கு விசிறியில தூசி அடைச்சிருக்கு," என்றார் வேதவல்லி. "சுத்தம் பண்ணணும். எப்படிப் பண்ணுவீங்க?"

"சாவியைத் திருப்பி அணைப்பேன். சாவியை உருவுவேன். சுவர்ல மெயினை இறக்குவேன். அப்புறம் காத்திருப்பேன்."

"எதுக்கு? அதான் அணைச்சாச்சே."

"அணைச்சாலும் கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும் மேடம்."

"அடுப்பை அணைச்சதும் குக்கரைத் திறக்க மாட்டோம். அப்படியா?"

"அப்படித்தான்."

"ஆவி அடங்கியிருக்கும்னு நாமளா நெனைச்சுக்கிட்டா?"

"நெனைச்சுக்கக் கூடாது. மீட்டர் வச்சுப் பாக்கணும். பாத்துட்டு எர்த் கொக்கியை மாட்டணும். வேலை முடியிற வரைக்கும் அதை எடுக்கக் கூடாது."

எர்த் கொக்கி என்பது நீளமான தடி. நுனியில் செப்புக் கொக்கி இருக்கும். அதிலிருந்து தடித்த கம்பி ஒன்று மண்ணுக்குள் போகிறது. எங்கிருந்து மின்சாரம் வந்தாலும் அதை மண்ணுக்கு இழுத்துப் போய்விடும்.

"கை?"

"ஒரு கைதான் உள்ளே போகணும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் போயிடும்."

"சரி, திறங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் உண்டு. உள்ளே கை விடுகிறவர்கள் மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி அதில் போட வேண்டும். வேதவல்லி தாலிச் செயினையும் கழற்றிப் போடுவார். முதல் நாள் அதைப் பார்த்தபோது உலகநாதனுக்கு என்னமோ போல் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

உலகநாதன் தன் மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். பெட்டியை அணைத்துச் சாவியை உருவினார். தாம்பூலம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் வேதவல்லியிடம் நீட்டினார்.

"இது எதுக்கு எனக்கு?"

"உங்ககிட்ட இருக்கட்டும் மேடம்."

"உள்ளே போறது யார் கை?"

"என் கைதான்."

"அப்ப உங்க பையில போட்டுக்குங்க."

பந்தியில் போதும் போதும் என்கிறவர் இலையில்தான் நாம் இன்னொரு கரண்டி வைப்போம். பெரியவர்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். உலகநாதன் அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சாவியை வேதவல்லியின் மேசை மேல், அவர் கைக்குப் பக்கத்தில் பவ்வியமாக வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போனார்.

சாவிக்கு அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேசை மேல் சாவி இருந்தால் பெட்டி சும்மா இருக்கிறது, வேண்டியவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சாவி இல்லையென்றால் பெட்டிப் பக்கமே யாரும் போகக் கூடாது.

வேதவல்லி சாவியைப் பார்த்தார். அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். உலகநாதன் வேலையை முடித்துப் பெட்டியின் பின்பலகையைத் திரும்ப மாட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. டீ வந்து ஆறிப்போயிற்று.

"தேறிட்டேனா மேடம்?"

"இல்லை."

"எங்க தப்பு?"

"யோசிச்சுப் பாருங்க."

உலகநாதன் யோசித்தார். காத்திருந்த நேரம் போதவில்லை என்று நினைத்தார்.

அடுத்த முறை நிறைய நேரம் காத்திருந்தார். மீட்டரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். சாவியை மட்டும் முன்போலவே மேசை மேல் வைத்தார். வேதவல்லி அதை அவர் பக்கமாகத் தள்ளினார். அவர் சிரித்தபடி திரும்பத் தள்ளினார்.

"எங்க அப்பாகிட்டயும் நான் இப்படித்தான் மேடம். வீட்டுச் சாவியை அவர் கையில குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன். பெரியவங்ககிட்ட குடுத்துட்டா ஒரு நிம்மதி."

"உங்களுக்கு நிம்மதி," என்றார் வேதவல்லி.

அவ்வளவுதான் சொன்னார். அன்றும் வேலை முடியும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. அன்றும் இல்லை என்றுதான் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெயசீலி கேட்டாள். அவளும் அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவள் பேசினால் கூடமே சிரிக்கும்.

"என்ன அண்ணே, மேடம் இன்னும் பாஸ் போடலையா?"

"இல்லம்மா."

"கல்லூரியில எத்தனை பிள்ளைங்களை ஃபெயில் ஆக்குனீங்களோ. அந்தப் பாவம்தான் சுத்துது."

"நான் யாரையும் ஃபெயில் ஆக்கினதில்ல."

"அப்ப பாஸ் போட்ட பாவமா இருக்கும். இந்தாங்க, இந்த ஊறுகாயைத் தொட்டுக்குங்க. புத்தி வரும்."

உலகநாதனும் சிரித்தார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றுக்குப் பெட்டிக்குள் பிசுபிசுவென்று அழுக்குப் படியும். அழுக்கு படிந்தால் அதன் வழியாகவே மின்சாரம் தாவும். துடைத்தாக வேண்டும்.

உலகநாதன் மோதிரத்தைக் கழற்றினார். அணைத்தார். சாவியோடு வந்தார். மேசையருகே வேதவல்லி இல்லை. வெளியே வராந்தாவில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இப்போது வந்துவிடுவார் என்று நினைத்து, உலகநாதன் சாவியை வழக்கமான இடத்தில் வைத்தார். மெயினை இறக்கினார். காத்திருந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். கொக்கியை மாட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையை உள்ளே விட்டார்.

பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவர் முன்னாலிருந்து பார்த்தால் தெரிய மாட்டார்.

ஜெயசீலி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மேசை மேல் சாவி இருந்தது. தினம் செய்கிறதுபோல மெயினை ஏற்றினாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

கூடத்துக்குள்ளேயே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். பளீரென்று நீல வெளிச்சம் அடித்தது. கருகின வாடை வந்தது.

"யாரு?" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெயசீலியின் கை சாவியிலேயே இருந்தது.

"அண்ணே? நீங்களா அண்ணே? உள்ளேயா இருந்தீங்க?"

உலகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த மின்சாரத்தையெல்லாம் கொக்கி இழுத்துப் போயிருந்தது. அதன் நுனி கரியாகியிருந்தது.

ஜெயசீலி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாவி மேசை மேல இருந்துச்சு அண்ணே. மேசை மேலதான் இருந்துச்சு. மேசை மேலதானே இருந்துச்சு?"

வேதவல்லி ஓடி வந்து மெயினை இறக்கினார். விழுந்த பிள்ளையைப் பார்க்கிறதுபோல உலகநாதனின் கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உலகநாதனுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயசீலியைப் பார்த்து, தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்றார்.

மறுநாள் ஜெயசீலி வந்தாள். பெட்டிப் பக்கம் போகவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

உலகநாதன் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"சாப்பிடும்மா. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"ஆகல அண்ணே. தெரியுது."

"அப்புறம் என்னம்மா?"

"காலையில பாப்பாவுக்கு ஊட்ட உக்காந்தேன். சோத்தைப் பிசைஞ்சேன். இந்தக் கைதானேன்னு தோணிச்சு. ஊட்ட முடியல. அவருதான் ஊட்டுனாரு."

அவள் தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். வேறு யாருடைய கையோ போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகநாதன் வேதவல்லியிடம் வந்தார்.

"தப்பு என்னோடது மேடம். அந்தப் பொண்ணு என்ன செய்வா? உங்க மேல இருக்கிற மரியாதையிலதான் நான் அங்க வச்சேன்."

வேதவல்லி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்தார்.

"எனக்குப் பெட்டி வேண்டாம். பூட்டி அனுப்பிடுங்க. ஆராய்ச்சி போனாப் போகட்டும்."

"ஃபியூஸ் போயிருக்கு," என்றார் வேதவல்லி. "உள்ளே என்னென்ன கெட்டிருக்குன்னும் பாக்கணும். வாங்க."

அன்று அவரே திறந்தார். தாலிச் செயினைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். சாவி இன்னும் பெட்டியிலேயே இருந்தது. அதைத் திருப்பி அணைத்து உருவினார். உலகநாதனின் இரண்டு கைகளும் பழக்கத்தில் தானாக முன்னால் நீண்டன.

வேதவல்லி அந்தக் கைகளைப் பார்த்தார். சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டார். பை வாயின் பித்தானையும் மாட்டினார்.

உலகநாதன் கைகளை இழுத்துக்கொண்டார்.

மெயின் நேற்றே இறங்கியிருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். வெளியே மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மீட்டரில் முள் அசையவில்லை. புதுக் கொக்கியை மாட்டிவிட்டு, வேதவல்லி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வலது கையை உள்ளே விட்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து உலகநாதன் கேட்டார்.

"மேடம், நேத்து நடந்ததுக்கு அப்புறம் என் மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"போகல."

"அப்ப சாவியை என்கிட்ட குடுத்திருக்கலாமே. நான் பத்திரமா வச்சிருப்பேனே."

வேதவல்லி திரும்பாமலே கேட்டார்.

"ஜெயசீலி சாப்பிட்டாளா?"

உலகநாதன் ஜன்னல் பக்கம் பார்த்தார். டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

"இல்லை மேடம்."

வேதவல்லி இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்தார். பழைய ஃபியூஸை எடுத்து வெளியே வைத்தார். புதுசைப் போட்டார். கருகின இடத்தைத் துடைத்தார். சுற்றிலும் ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். உலகநாதன் ஜன்னல் பக்கத்தையும் அவருடைய கோட்டுப் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை முடிந்தது. வேதவல்லி கையை வெளியே எடுத்தார். கொக்கியைக் கழற்றினார். பலகையை மாட்டித் திருகாணிகளை முறுக்கினார். கிண்ணத்திலிருந்து செயினை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் பித்தானைக் கழற்றிச் சாவியை எடுத்தார்.

அதை இரண்டு கையாலும் உலகநாதனிடம் நீட்டினார்.

"பெட்டி இனி உங்க பொறுப்பு. வாங்கிக்குங்க."

உலகநாதன் கையை நீட்டவில்லை.

"நான்தான் வேண்டாம்னேனே மேடம். சாவியைக் கை மாத்தினதுல நேத்து என்ன ஆச்சுன்னு பாத்தீங்க. இன்னைக்கு உங்க கையாலேயே என்கிட்ட குடுக்கறீங்களே?"

வேதவல்லி மூடியிருந்த பலகையைக் காட்டினார்.

"இப்ப உள்ளே யார் கையும் இல்லை."